கண்ணாடிக் குடுவையில் தென்துருவக் காற்று

போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரில், எங்கள் பிடோக் வீட்டில் ஒரு காரியம் நடந்தது. இன்னும் எனக்கு வயிறு எரிகிறது… அதனால் இந்த வாரப் பத்தியில் சிரிப்புக்கு உத்தரவாதம் இல்லை.

என் மனைவி மாலதி ஆராய்ச்சியாளர். தென்துருவக் கடலுக்குக் கப்பலில் போய், ஹைட்ரஜன் வாயு அங்கே காற்றில் எவ்வளவு, கடல்நீரில் எவ்வளவு என்று அளப்பது அவள் வேலை. நாளைக்கு ஹைட்ரஜனில் வண்டி ஓட்டப் போகிறோமாம். அது கசிந்தால் வானத்துக்கு என்ன ஆகும்? அதைச் சொல்ல, புகை படாத இடத்தில் இன்றைக்கு எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டாமா?

கடைசி வாரம் கப்பலில் கருவி மக்கர் பண்ணிவிட்டது. அந்த வாரத்துக்கு மிஞ்சியவை இரண்டு கண்ணாடிக் குடுவைகள்தான் — ஒன்றில் கடல்மேல் வீசிய காற்று, மற்றதில் கடல்நீரிலிருந்து பிரித்த வாயு. இரண்டையும் ஒப்பிட்டால்தான் அந்தக் கடல் ஹைட்ரஜனைக் கொடுக்கிறதா, வாங்குகிறதா என்று தெரியும். அவளுடைய காண்ட்ராக்ட் நீட்டிப்பும் அதில்தான் தொங்கியது.

சனிக்கிழமை சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கினாள். கிளமெண்டியில் இருக்கும் அவளுடைய லேப் திங்கள்தான் திறக்கும். குடுவைகள் எங்கள் அலமாரிக்குப் போயின.

மறுநாள் என் அண்ணன் குடும்பத்தோடு வந்தார். கோயில், பூஜை என்றால் முதல் ஆள் அவர். என்ன கொண்டுவந்தாய் என்று கேட்டார். மாலதி பெருமையாகக் காட்டி, திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, அசதியில் போய்ப் படுத்தாள். நான் தேக்கா சந்தைக்குப் பிரியாணி வாங்கப் போனேன்.

திரும்பி வந்தால்… ஹாலில் வரிசை. அண்ணன் இரண்டு குடுவைகளின் வால்வையும் திறந்து பிடித்திருக்கிறார். அண்ணியிலிருந்து எல்லாரும் கையைக் காட்டி, கற்பூரத் தட்டு மாதிரி கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். மனுஷன் கெடுக்காத இடத்துக் காற்றாம். புண்ணியமாம்.

சத்தம் கேட்டு மாலதி எழுந்து வந்தாள். பிடோக் காற்று உள்ளே போய்விட்டது, இனி அளக்க ஒன்றுமில்லை என்று மெதுவாகச் சொன்னாள்.

"நாங்க ஒண்ணும் எடுக்கல மா. பாரு, அப்படியேதான் இருக்கு லா," என்றார் அண்ணன்.

மூத்தவரைத் திட்ட முடியுமா? பிரியாணியைப் பரிமாறினாள். புரியாத ஒன்றைக் கும்பிடுவது நமக்குச் சுலபம். தொடாமல் விடுவதுதான் கஷ்டம்.

லிஃப்ட் வரை வழியனுப்பப் போனேன்.

"அடுத்த தடவை போறப்ப கொஞ்சம் ஐஸ் கொண்டு வரச் சொல்லு தம்பி. வீட்ல தெளிச்சுக்கலாம்."

அந்த அடுத்த தடவையைத்தான் அண்ணே, நீங்கள் எல்லாருமாகச் சேர்ந்து கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள்.