மேற்குச் சுவருக்கு ஒரு பழைய வலை

பின்னேர வெயிலில் எங்கள் அறை அடுப்பு மாதிரிக் கொதிக்கும். ஃபேன் போடுவதைக் குறைக்க, மேற்குச் சுவரில் பாகல்கொடி படரவிட முடிவெடுத்தேன்.

கொடிக்குப் புது நைலோன் கயிறு எதற்கு? மச்சானிடம் கிழிந்த மீன்வலை ஒன்று சும்மா கிடந்தது. அதை வாங்கிவந்து இன்று காலை சுவரில் கட்டினேன். எனக்கே என்னில் ஒரு மரியாதை வந்தது.

மத்தியானம் பார்த்தால் வலைக்கடியில் ஐந்து பூனைகள். ஆறாவது மேலே ஏறிக்கொண்டிருந்தது.

மனைவி கேட்டாள்: "வலையக் கழுவினீங்களா?"

"இல்ல. தண்ணிய வீணாக்கக் கூடாதெண்டு விட்டிட்டன்."

"அப்ப வாசலுக்கு முன்னால கிடக்கிற கடல் என்னத்துக்கு?"



பாகற்காய் கேட்பவர்கள் இரண்டு மாதம் பொறுங்கள். பூனை வேண்டியவர்கள் இன்றைக்கே வரலாம்.