தறி வீட்டு ஃபவுண்டன்

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஏதோ ஒரு கோடை. நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். ஆரணியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி உண்டு. எங்கள் வீட்டில் மட்டும் தறியோடு ஒரு மலையும் வந்து சேர்ந்தது. இடுப்பு உயரம், பாறை நிறத்தில் சாயம் பூசிய ஃபைபர் மலை. உச்சியிலிருந்து நான்கு படிகளில் தண்ணீர் இறங்கித் தொட்டியில் விழும். அடியிலிருக்கும் குட்டி மோட்டார் அதே தண்ணீரை மறுபடி மேலே ஏற்றும். நடுவில் ஒரு கொக்கு. பஸ்ஸில் வந்ததில் பாவம், மூக்கு உடைந்திருந்தது.

கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. பெங்களூரில் வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் ஃபவுண்டன் வைத்துக்கொடுக்கும் கடையில் அவருக்கு வேலை. அங்கே ஒரு பங்களாத் தோட்டத்தில் நான்கு யானைகள் தும்பிக்கையால் தண்ணீர் பீய்ச்சுமாம். இவ்வளவும் சொன்னவர், அப்பா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, ஒரு வாய் காபியோடு பக்கத்தில் சேவூரிலிருந்த சிநேகிதர் வீட்டுக்கு ஓடிவிட்டார்.

ஓட்டத்துக்குக் காரணம் இருந்தது. முன்பு மாமா எங்கள் வீட்டில்தான் நெய்துகொண்டிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சேலையைப் பாதியில் தறியிலேயே விட்டுவிட்டு பெங்களூருக்குக் கிளம்பிப் போய்விட்டார். ஒருவர் கை அழுத்தம் இன்னொருவருக்கு வராது. மீதியை அப்பாதான் நெய்து முடித்தார். நடுவில் கை மாறியது துணியில் பளிச்சென்று தெரிந்தது. சேலைக் கடைக்காரர் அதை விரித்துப் பார்த்துச் சிரித்த சிரிப்பை அப்பா மறக்கவேயில்லை. அன்றிலிருந்து மாமாவோடு பேச்சு கிடையாது.

மாமா போனதும் அம்மா என்னையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு மலையை இழுத்து, தறிக்குப் பின்னால் ஜன்னலுக்குக் கீழே வைத்தாள். கையோடு, சாமி படத்துக்குப் பக்கத்தில் உயரத்தில் தொங்கிய தினசரி காலண்டரைக் கழற்றி, வாசற்கதவோரம் என் கைக்கெட்டும்படி மாட்டினாள். இனி ஸ்டூல் போடாமல் தேதி கிழிக்கலாம். எனக்காகத்தான் இறக்கி மாட்டினாள் என்று பூரித்துப்போனேன்.

அப்பா வந்தார். பார்த்தார். யார் வேலை என்று கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"பட்டு மேல ஒரு சொட்டு தெறிச்சா கறை புடிச்சிக்கும். வாசப்பக்கம் தூக்கி வை."

"அங்க எப்படிங்க வைக்கறது? பிளக் பாயிண்ட் இங்க ஒண்ணுதானே இருக்குது" என்றாள் அம்மா.

அப்பா வாசற்கதவைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழமை உன் தம்பிய வந்து எடுத்துகினு போகச் சொல்லு. அதுவரைக்கும் யாரும் சுச்சுல கை வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தெருப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே பீற்றிக்கொண்டாகிவிட்டது. மலை போய்விட்டால் எந்த முகத்தோடு வெளியே போவது? பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போடுவதாக வேண்டிக்கொண்டேன்.

அந்த வாரம் வெயில் மண்டையைப் பிளந்தது. அனல் காற்றில் பட்டு இழை காய்ந்து, நெய்ய நெய்ய அறும். தரையில் தண்ணீர் தெளித்தோம், ஜன்னலில் ஈரக் கோணி கட்டினோம். கால் மணி நேரத்தில் அப்பளமாகக் காய்ந்துவிடும். தறியிலிருந்ததோ முகூர்த்தச் சேலை. அடுத்த வாரம் கொடுத்தாக வேண்டும். அப்பா நெய்த நேரத்தைவிட, அறுந்த இழைகளை முடிபோட்ட நேரம்தான் அதிகம்.

வியாழக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டிலிருந்து வந்தபோது மலையில் தண்ணீர் சலசலவென்று இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா அடுப்படியில் இருந்தாள். கூடத்தில் அப்பா மட்டும்தான்.

"யாருப்பா சுச்சு போட்டது?"

"போய் வெளையாடு போ."

அன்று தறிச் சத்தம் நிற்கவேயில்லை. வெள்ளியும் சனியும் அப்படியே. பிள்ளையார் காது கொடுத்துவிட்டார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாமா வாசலில் வந்து நின்றார், மலையைத் தூக்கிப்போகக் கயிறும் கையுமாக. உள்ளே வரத் துணிச்சலில்லை. அப்பா நெய்தபடியே, தலையைத் தூக்காமல் சொன்னார்: "நேத்துலர்ந்து அந்த மோட்டாரு கரகரன்னு சத்தம் போட்டுகினு இருக்குது. இன்னான்னு பாத்துட்டு, சாப்ட்டுட்டுப் போ."

"சரிங்க" என்று மாமா உள்ளே வந்தார். கயிற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். நான் பிள்ளையார் கோயிலுக்கு ஓடினேன். இரண்டு நாள் கால் வலி தாங்க முடியவில்லை. சந்தோஷம் அதைவிடத் தாங்க முடியவில்லை.

ஜன்னலில் நுழைந்த அனல், ஓடுகிற தண்ணீரைத் தொட்டு ஈரமாகித் தறிக்கு வந்திருக்கிறது. வளர்ந்த பிறகு இது எனக்கே விளங்கிவிட்டது. மற்றது விளங்கியது என் கல்யாணத்துக்கு வெள்ளையடித்தபோதுதான். மாமா வாசலில் சீரியல் பல்பு மாட்டிக்கொண்டிருந்தார். நான் கதவோரக் காலண்டரைக் கழற்றினேன். பின்னால் ஒரு பிளக் பாயிண்ட்.

அம்மாவைப் போய்ப் பிடித்தேன். அவள் ஒன்றும் தெரியாதவள் மாதிரி வெற்றிலையை மடித்தாள்.

"இத்தினி வருஷமா அப்பாவை ஏமாத்திகினு இருந்தியாம்மா?"

"நான் எங்கடி ஏமாத்தினேன்?" என்றாள் அம்மா. "இந்த வூடு கட்டசொல்லோ, கூடவே நின்னு ஒயரிங் பண்ண வெச்சதே உங்கப்பாதானே!"