பிரசங்கத்தில் தூங்கியவள்

எங்கள் சபை மைசூரில் விஜயநகர் பக்கம் ஒரு கடைக்கு மேல்மாடியில் கூடுகிறது. ஞாயிறுதோறும் பாட்டு முடிந்ததும் யாராவது எழுந்து, ஆண்டவர் தமக்குச் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்வார்கள். ஒருவருக்குச் சிறுநீரகக் கல் கரைந்திருக்கும், இன்னொருவர் மகனுக்கு வேலை கிடைத்திருக்கும். "எல்லாரும் சொல்லணும், ஆளுக்கு ஒருத்தரையாவது கூட்டிட்டு வரணும், அப்பத்தான் சபை வளரும்" என்று போதகர் என்னைப் பார்ப்பார். இதென்ன சீட்டுக்கு ஆள் சேர்ப்பதா என்று எனக்கு எரிச்சல்தான் வரும். தவிர, என் கதையை அங்கே சொன்னால் மானம் போய்விடும்.

கொள்ளேகால் சாலையில் லாரி மோதித் தம்பி போன பிறகு எனக்குத் தூக்கமே இல்லாமல் போயிற்று. நான் தைக்கப் போகும் கார்மென்ட்ஸில் பக்கத்து மெஷின்காரி, "சும்மா வந்து உக்காருக்கா" என்று ஒரு ஞாயிறு அழைத்துப் போனாள். போதகர் பிரசங்கம் தொடங்கினார். சுவரில் சாய்ந்தேன். ஜன்னல் வெயில் மடியில் விழுந்தது, அவர் குரல் எங்கோ தூரத்தில் தண்ணீர் ஓடுவது போலக் கேட்டது, அவ்வளவுதான். விழித்தபோது கூட்டம் முடிந்திருந்தது. யாரோ எனக்குச் சால்வை போர்த்தியிருந்தார்கள். எல்லாரும் என் தூக்கம் கலையாதபடி செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் மாட்டிக்கொண்டு போயிருந்தார்கள். என்னை எழுப்பாத அந்த ஜனங்களுடைய சாமியை எனக்குப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து தூக்கமும் வந்தது. பிரசங்கத்தில் குறட்டை விட்டு ரட்சிக்கப்பட்டேன் என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்ல?

சென்ற மாதம் அம்மா எங்கள் ஊர் ராமாபுரத்திலிருந்து வந்து என்னோடு தங்கினாள். நான் சாமி மாறியதில் கோபித்துக்கொண்டு வெகுநாள் பேசாமல் இருந்தவள். இயேசு என்று வாயெடுத்தால் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். தம்பியும் இல்லை, இவளையும் விரட்டிவிடுவேனோ என்ற பயத்தில் நான் மூச்சுவிடவில்லை.

விடுமுறை நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். கண் விழித்தால், நான் படுக்கும்போது இருந்த அதே இடத்தில், அதே மாதிரி ஜன்னலைப் பார்த்தபடி அம்மா உட்கார்ந்திருந்தாள். மகன் போனதிலிருந்து அவள் கண்ணும் மூடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உனக்கு மட்டும் எப்பிடிப் புள்ள தூக்கம் வருது? அவனை மறந்துபோட்டயா?"

சுருக்கென்றது. மறப்பேனா! ஆனால் நான் நிம்மதியாகத் தூங்க, பெற்றவள் பக்கத்தில் விழித்துக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு இனியும் எப்படிச் சும்மா இருப்பது? பஸ் ஏறினாலும் ஏறட்டும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், குறட்டை உட்பட.

அம்மா சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. வெளியே தெரு வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"திருநீறு பூசிட்டு வந்தா என்னை உள்ள உடுவாங்களா?"

"உடுவாங்கம்மா. உடலீன்னா, நானும் உன்னோட வெளியவே உக்காந்துக்கறேன்."