மஞ்சள் மூடி போட்ட பாட்டில்

பீரைத் தொண்டையால் குடிக்கிற ஆட்கள்தான் ஊரில் அதிகம். நாக்கால் குடிக்கிறவன் நான். இதைச் சொன்னால் தற்பெருமை என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பர்கூரில் கல் உடைக்கிற இடத்தில் எடுபிடியாக நின்று, ஓசூருக்கு வந்து அடுத்தவன் லேத்தில் கை பழகி, கடைசியில் சொந்தமாகப் பட்டறை போட்டவன், எங்கள் தெருவிலேயே முதல் ஃப்ரிட்ஜ் வாங்கியவன், கொஞ்சம் பெருமை பேசினால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? அந்த ஃப்ரிட்ஜைப் பார்க்க ஜனம் வந்தது. பாலும் தயிரும் இருக்கும் என்று எட்டிப் பார்த்தார்கள். நாலு ஊர் பீர் பாட்டில்தான் வரிசையாக நின்றது.

நம்ம பக்கம் மதுவிலக்கு வரும், போகும். ஓசூர்க்காரனுக்கு அதெல்லாம் ஒரு கவலையா? ஸ்கூட்டரை மிதித்தால் அத்திப்பள்ளி, அந்தப் பக்கம் கர்நாடகம். பட்டறை ஆட்கள் எல்லாரும் அங்கே போய் நின்றவாக்கில் ஊற்றிக்கொண்டு வருவார்கள். அங்கே ஒரு மட்டமான பீர் விற்றது. லேபிளைக் கூட நேராக ஒட்டியிருக்க மாட்டார்கள். அதற்கு நான் கழனித்தண்ணி என்று பெயர் வைத்தேன். என்னைப் பார்த்து ஊரே அப்படிச் சொல்ல ஆரம்பித்தது.

ஆர்டர் பிடிக்க எந்த ஊர் போனாலும் அந்த ஊர் பீரைக் குடிக்காமல் நான் திரும்பியதில்லை. ஐதராபாத் பீரில் ஒரு கசப்பு கடைசியில் வந்து நிற்கும். மைசூர்ப் பக்கத்துப் பீர் வாயில் மெத்தென்று இருக்கும். கோவா பீர்தான் ராஜா. அங்கே கடலைப் பார்த்துக்கொண்டு குடித்த முதல் கிளாஸிலேயே, இத்தனை நாள் நாம் குடித்தது என்ன என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒவ்வொரு பீருக்குள்ளும் அந்த ஊர்த் தண்ணீர் இருக்கிறது. நாக்குக்குப் பயிற்சி இருந்தால் தண்ணீர் தன் ஊரைச் சொல்லிவிடும். லுங்கியில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்து, பாட்டில் பாட்டிலாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

என்னோடு உட்கார்ந்து குடிக்கத் தகுந்த ஆள் ஒருத்தர்தான் இருந்தார். என் தங்கச்சியின் வீட்டுக்காரர். என் பட்டறையிலேயே வேலை. செய்து முடித்த சாமானை அளந்து பார்த்து பெயின்ட் வைப்பது அவர் வேலை. சரியாக இருந்தால் பச்சைப் பொட்டு, கழிவு என்றால் சிவப்பு, இன்னொரு தடவை மெஷினில் ஏற்றினால் தேறும் என்றால் மஞ்சள். பேச்சு குறைவு. சிரிப்பு மட்டும் கண்ணில் இருக்கும்.

விளையாட்டை ஆரம்பித்தது அவர்தான். நான் கொண்டுவந்ததும் அவர் வாங்கி வைத்ததுமாகப் பாட்டில்களை எடுத்துக்கொண்டு போய், தங்கச்சி வீட்டுச் சிமென்ட் தொட்டியில் ஊறப்போட்டு லேபிளை உரித்துவிடுவார். துவைக்கிற தண்ணீரில் காகிதம் மிதக்கிறது என்று அவள் கத்துவாள். மூடியில் இருக்கிற எழுத்தை எமரித் தாளால் தேய்த்துவிட்டு, மேலே பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று பெயின்ட் வைப்பார். எந்த நிறம் எந்த ஊர் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். வாரத்துக்கு வாரம் மாற்றுவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெஷின் எல்லாம் ஓய்ந்து கிடக்கும்போது பட்டறையில் இரண்டு கிளாஸ் வைத்து ஊற்றுவார். நான் முதலில் குடித்து ஊரைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அவர் தன் கிளாஸைத் தொடுவார். நான் சரியாகச் சொன்னால் ஒரே மூச்சில் குடிப்பார். தப்பாகச் சொன்னதே இல்லை என்பதால் அவர் எப்போதும் ஒரே மூச்சில்தான் குடித்தார்.

அவரிடம் ஒரு கெட்ட பழக்கம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மிளகாய் பஜ்ஜி வாங்கித் தின்றுகொண்டே வருவார். எண்ணெய் உதடு கிளாஸில் பட்டால் பீரின் நுரை செத்துவிடும். இது எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் வாய் வைத்ததும் நுரை சட்டென்று படுத்துவிடும். விளிம்பில் அரை நிலா மாதிரி எண்ணெய்த் தடம் மட்டும் நிற்கும். "நுரையக் கொல்றதுக்குன்னே பொறந்திருக்கியே மாப்ள" என்பேன். "நுரை உங்களுக்கு, பீர் எனக்கு மச்சான்" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் மூடி போட்ட பாட்டிலைத் திறந்தார். நான் குடித்தேன். ஆஹா என்றேன். கோவா என்று சொல்லிவிட்டு, அந்தக் கடலைப் பற்றி இன்னொரு தடவை பேச ஆரம்பித்தேன். அவர் கிளாஸைத் தொடவில்லை.

"கோவா இல்ல மச்சான்."

இல்லாமல் எங்கே போகும் என்று நான் சத்தம் போட்டேன். அவர் கண்ணால் சிரித்தார்.

"இதே மஞ்சள்ல இன்னொண்ணு வீட்ல வெச்சிருக்கேன். வர ஞாயித்துக்கிழம திரும்பக் குடிச்சுப் பார்த்துட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் நானும் குடிக்கல."

அன்று அவர் கிளாஸ் அப்படியே இருந்தது. கழுவுகிற இடத்தில் அவரே கொட்டிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே சூளகிரிப் பக்கம் ரோட்டில் லாரி மோதி அவர் போய்விட்டார்.

ரோட்டில் செத்தவரை வீட்டுக்குக் கூப்பிட வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். உடம்பு வீட்டுக்கு வந்தாலும் ஆள் அங்கேயே நின்றுகொண்டிருப்பார். அந்த இடத்துக்குப் போய், கற்பூரம் ஏற்றி, பெயர் சொல்லி, வா வீட்டுக்குப் போகலாம் என்று கூப்பிட்டு, அங்கிருந்து ஒரு கல்லை எடுத்துத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். நாங்களும் போனோம். தங்கச்சி கல்லை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து அவர் படத்துக்கு முன்னால் வைத்தாள். வந்தவர் அமாவாசைப் படையலைக் காக்காய் வாயால் எடுப்பார். எடுத்தால் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

காக்காய் வரவில்லை. தங்கச்சி குடியிருந்த வரிசை வீடுகளுக்குப் பின்னால் கறிக்கடை. சுவர் முழுக்கக் காக்காய்தான் உட்கார்ந்திருக்கும். தங்கச்சி இலையை ஓட்டு மேல் வைத்ததும் எல்லாம் எழுந்து போய்விடும். அடுத்த அமாவாசையும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மா, "பர்தாரெ, பர்தாரெ" என்று ஆறுதல் சொல்லும். வருவார், வருவார் என்று. அந்த அம்மாவும் இலையைப் பார்க்காமல்தான் சொல்லும்.

அவருக்குப் பிடித்தது வைக்கவில்லை, அதனால்தான் என்றேன் நான். பீர் விஷயம் என்றால் என்னை விட்டால் யார்? படையலில் ஒரு கிளாஸ் வைத்து ஊற்ற ஆரம்பித்தேன். ஐதராபாத் வைத்தேன். மைசூர் வைத்தேன். ஆள் அனுப்பிக் கோவாவிலிருந்தே வரவழைத்து வைத்தேன். நுரை மெதுவாக இறங்கும், வெயிலில் பீர் சூடாகும், சாயங்காலம் செடிக்கு ஊற்றுவோம்.

அந்த வருஷம்தான் ஹாசனுக்குப் போக வேண்டி வந்தது. பகல் நேரம், விடாத மழை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பாரில் போய் உட்கார்ந்து பீர் சொன்னேன். கொண்டுவந்த ஆள் இரண்டு கிளாஸ் வைத்து இரண்டிலும் ஊற்றினான். நான் ஒருத்தன்தானே என்றேன். அவன் கதவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இன்னொப்ரு எல்லி சார்?"

இன்னொருத்தர் எங்கே என்கிறான். என் பின்னாலேயே வந்தாராம், கை கழுவப் போனாராம். திரும்பிப் பார்த்தேன். கை கழுவுகிற இடத்தில் குழாய் திறந்து ஓடிக்கொண்டிருந்தது, ஆள் இல்லை. மேஜையைப் பார்த்தேன். என் கிளாஸில் நுரை விரல் உயரம் நின்றது. எதிர் கிளாஸில் நுரையே இல்லை. கழுவாத கிளாஸ், எண்ணெய்ப் பிசுக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கிளாஸைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். என் கிளாஸையும் பாதியில் விட்டேன். நான் பீரைப் பாதியில் விட்டது அன்றைக்குத்தான்.

ஊர் திரும்பினால் வேறொரு பிரச்சினை. தங்கச்சி குடியிருந்த வரிசையை இடித்துவிட்டு ஹைவே ஓரமாகக் கடை கட்டப் போகிறார் வீட்டுச் சொந்தக்காரர். மற்ற குடித்தனம் எல்லாம் காலி செய்துவிட்டது. இவள் மட்டும் மாட்டேன் என்றாள். என் வீட்டு மாடியில் அவளுக்கென்று ஓர் அறையே கட்டி வைத்திருந்தேன், தனிக் குழாயோடு. எத்தனை அண்ணன் செய்வான்? அதைச் சொல்லியும் அவள் அசையவில்லை.

"அவரு இன்னும் வரலண்ணா. வந்தா இந்த வீட்டத்தான தேடி வருவாரு? வீடே இல்லன்னா எங்க போயி நிப்பாரு?"

இடிக்கிற ஆட்கள் அந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு வீடாகக் கூரை போயிற்று. வீட்டுச் சொந்தக்காரர் நல்ல மனுஷர். அமாவாசை வரைக்கும் பொறுக்கிறேன், அதற்கு மேல் என்னால் முடியாது என்றார். இவள் சுவரோடு சுவராக உட்கார்ந்துகொள்வாள் என்று எனக்குத் தெரியும். பிடிவாதத்தில் அவள் என் தங்கச்சி.

அமாவாசை அன்று போனேன். கெடு முடிந்தது என்று அவள் வீட்டு ஓட்டிலும் காலையிலேயே பாதி பிரித்திருந்தார்கள். நடு வீட்டில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. சாமானை மூட்டை கட்டித்தானே ஆக வேண்டும் என்று நானே பரணில் ஏறிக் கை விட்டேன். பழைய சாக்குக்குள் குளிர்ச்சியாக ஏதோ கையில் பட்டது. எடுத்தால் பீர் பாட்டில். லேபிள் இல்லை. மஞ்சள் மூடி.

தங்கச்சி அதை வாங்கி, மூடியில் இருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். பிறகு, "உங்கண்ணன் அடுத்த வாரமும் கோவான்னுதான் சொல்வாரு, பாருன்னு சிரிச்சாரு" என்றாள். எந்த ஊர் என்று அவளிடமும் சொல்லவில்லையாம்.

அன்றைக்கு அடுப்பில் ஒரு பானைச் சோறும் பருப்பும்தான். மற்றப் பாத்திரமெல்லாம் மூட்டையில். எண்ணெய்ச் சட்டி ஏறவே இல்லை. கிளாஸை நானே உப்பும் எலுமிச்சம்பழமும் போட்டுத் தேய்த்துக் கழுவினேன், இதில் யாரையும் நம்ப மாட்டேன். இலைக்கு முன்னால், அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்து ஊற்றினேன். ஒரு வருஷத்துப் பழைய பீர், நுரைக்காது என்று நினைத்தேன். நுரைத்தது. நுரைத்து அப்படியே நின்றது. சோற்றில் ஆவி அடங்கிப் போயிற்று. ஓட்டின் மேல் வைத்த பிடிச் சோறு காய்ந்தது. நுரை ஒரு நூல் அளவு இறங்கவில்லை. பீரைப் பற்றித் தெரிந்தவனுக்குத்தான் அது எவ்வளவு பயம் என்று தெரியும்.

"ஒரு கிளாஸ்தான் வெச்சிருக்க" என்றாள் தங்கச்சி. "அவரு என்னிக்கிண்ணா தனியாக் குடிச்சாரு?"

காக்காய் எடுக்கிறதுக்கு முன்னால் வீட்டு ஆட்கள் படையலை வாயில் வைக்கக் கூடாது. வைத்தால் அந்தப் படையல் போயிற்று. அந்தக் கட்டுக்காகத்தான் இத்தனை அமாவாசையும் நான் எனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை. ஆனால் பட்டறையில் எங்கள் கட்டு வேறு. நான் முதலில் குடித்துச் சொன்னால்தான் அவர் தொடுவார். எனக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக் குடித்தேன். நாக்கு ஒன்றும் சொல்லவில்லை. மழையில் நனைந்த அட்டை வாசம், அவ்வளவுதான். தண்ணீர் தன் ஊரை மறந்துவிட்டிருந்தது.

"கோவா" என்றேன். பழக்கம்.

நுரை அசையவில்லை.

"ஐதராபாத்."

ஹைவேயில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் வீட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது போல இருந்தது. மைசூர் என்றேன். புனே என்றேன். நான் போன ஊர் எல்லாம் சொன்னேன். கிளாஸ் வெயிலில் மஞ்சளாக நின்றது, மேலே நுரை வெள்ளைத் தொப்பி மாதிரி. தங்கச்சி கிளாஸைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெயர்தான் பாக்கி. அவளுக்கும் அது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். கோவா கோவா என்று நான் ஆஹா போட்டது எதை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வார்த்தை வாயிலிருந்து வருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

"அத்திப்பள்ளி. கழனித்தண்ணி" என்றேன். "அதான மாப்ள?"

நுரை படுத்தது. கொஞ்சம் கொஞ்சமாக இல்லை, ஒரே சமயத்தில், யாரோ வாய் வைத்த மாதிரி. எங்களுக்கு எதிர்ப் பக்கம் இருந்த விளிம்பில் அரை நிலாவாக ஒரு தடம் வெயிலில் மினுங்கியது.

தங்கச்சி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "குடிச்சிட்டாரு" என்றாள், ஏதோ தினமும் நடக்கிற விஷயம் போல. கல்லை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். படத்தைக் கையில் எடுத்தாள். ஓடு பிரித்த வாசலில் நின்று, உள்ளே பார்க்காமல், "வாங்க, அண்ணன் வீட்டுக்குப் போலாம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு நடந்தாள். காக்காய் அன்றும் வரவில்லை. அவள் அண்ணாந்து பார்க்கவும் இல்லை.

நான் மட்டும் பின்னால் நின்றேன். படைத்ததைக் கொட்டக் கூடாது, வீட்டு ஆட்கள்தான் சாப்பிட வேண்டும். அவர் கிளாஸை எடுத்தேன். என் கிளாஸில் ஊற்றிய அதே பாட்டில், அதே பீர். ஊருக்கு ஊர் குடித்த நாக்கு இது, இதில் நான் ஏமாற மாட்டேன். வாயில் வைத்ததும் அட்டை வாசம் இல்லை. மிளகாய் பஜ்ஜி எண்ணெய்தான் அடித்தது.

முழுவதும் குடித்துவிட்டுத்தான் அந்த வீட்டை விட்டு வெளியே வந்தேன்.