போர்ச்சில் கண் திறந்த பேயரசி

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த பேயை வாங்கி வந்தவர் என் கணவர்தான். சுண்டுவிரல் உயரம்கூட இருக்காது. சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில், கிழிந்த கவுன் போட்டுக்கொண்டு, ஒரு கையில் வாளும் மறு கையில் யாரோ ஒருவருடைய மண்டை ஓடுமாக நின்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சுங்கை பட்டாணி நகரில் ஒரு மாடிக் கடையில் என் கணவரும் நண்பர்களும் விளையாடும் போர் விளையாட்டுக்கான பொம்மை அது. பெரிய மேசைமேல் இடிந்த கோட்டை, கல்லறை, பட்ட மரம் என்று ஒரு நாட்டையே பரப்பிவைத்து, ஆளுக்கொரு படையை நிறுத்தி, அளவு நாடாவால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். பொம்மைகள் வெறும் சாம்பல் நிறத்தில்தான் கடைக்கு வரும். வர்ணம் அவரவர் பூசிக்கொள்ள வேண்டியது.

அவர் லாரி ஓட்டுபவர். ஸ்டியரிங் பிடித்த கைக்கு அந்தச் சின்னத் தூரிகை பிடிபடவே இல்லை. அவர் பூசி முடித்த முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னங்க இது? அம்மை போட்ட மாதிரி இருக்கு?"

"அப்ப நீயே பண்ணு லா. பாத்துருவோம்."

கோபத்தில்தான் சொன்னார். நான் நிஜமாகவே வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குக் கூலிம் ஊரில் தொழிற்சாலை வேலை. நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, அரிசிமணியைவிடச் சின்ன மின்னணுச் சில்லுகளில் கீறல் இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் ஒதுக்கு, இல்லையென்றால் அடுத்தது. இத்தனை வருடத்தில் குறை கண்டுபிடிப்பதில் என் கண் நன்றாகத் தேறிவிட்டது. ஆனால் அந்தச் சில்லுகளில் நானாக ஒரு புள்ளிகூடச் சேர்த்ததில்லை. அந்தப் பேய்ப்பெண்ணின் கன்னத்தில் மெல்லியதாக ஒரு வெளிர்கோடு வைத்தபோது, அதுவரை அங்கே இல்லாத கன்னத்து எலும்பு ஒன்று எழுந்து வந்தது. அன்று நான் சமைக்க மறந்துபோனேன். கடையிலிருந்து மீ கோரிங் நூடுல்ஸ் கட்டிவந்து சாப்பிட்டோம்.

எனக்குப் பெண்களைப் பூசத்தான் பிடித்தது. ஆண் வீரர்கள் தலை முதல் கால்வரை இரும்புக் கவசம்; ஒருவனைப் பூசினால் நூறு பேரைப் பூசிய மாதிரி. சூனியக்காரிகள், ரத்தம் குடிக்கும் சீமாட்டிகள், செத்த பிறகும் அலைகிற மணப்பெண்கள் என்றால் முகம் இருக்கிறது, முடி இருக்கிறது, முக்காட்டில் மடிப்பு இருக்கிறது. செத்தவளின் தோல் வெறும் வெள்ளை இல்லை என்பதைப் பூசிப் பூசித்தான் தெரிந்துகொண்டேன். அடியில் கத்தரிப்பூ நிறம், அதன்மேல் பச்சை கலந்த சாம்பல், கடைசியில்தான் வெளுப்பு. உதட்டில் மட்டும் அடியில் பூசிய கத்தரிப்பூவைக் கொஞ்சம் தெரியவிட்டால் போதும், ஆள் பல நாளாகப் பசியோடு இருப்பதுபோல் ஆகிவிடும்.

மாமனார் காலமான பிறகு என் மாமியார் மெர்போக் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பிலிருந்து லூனாஸுக்கு, எங்கள் தாமான் வரிசை வீட்டுக்கு வந்துவிட்டார். அத்தை வாய் பேசாமல் இருக்கத் தெரியாதவர். வந்த முதல் வாரமே, காய்வதற்காக வரிசையாக நிறுத்தியிருந்த என் பொம்மைகளைக் குனிந்து பார்த்தார்.

"இதுங்களுக்கெல்லாம் துணியே கெடையாதா? குளுராது?"

அவர் கேட்டது நியாயம்தான். இந்தப் பொம்மைகளைச் செய்கிறவர்கள் வாளுக்குக் கொடுக்கிற கவனத்தில் பாதியைக்கூட ரவிக்கைக்குக் கொடுப்பதில்லை. பிசைந்து வைத்தால் இறுகிப்போகும் பசை ஒன்று இருக்கிறது. அதை மெல்லியதாகத் தட்டி, ஒரு சூனியக்காரிக்குத் தோளிலிருந்து இடுப்புவரை போர்வை போட்டுவிட்டேன். முன்னைவிட அவள் மிடுக்காகத் தெரிந்தாள்.

ஆனால் கண் விஷயத்தில் அத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை, ஹாலில் சாமி மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் மேசையில் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலையாக இருந்தேன். அத்தை பின்னால் வந்து நின்றார்.

"என்ன பண்ற?"

"கண்ணு வைக்கிறேன் அத்த."

"பேய்க்கா?"

"ஆமா."

"கோயில்ல செலைக்குக் கண்ணு தொறக்குறதுக்கு நாள் பாத்து, பூச போட்டுச் செய்றாங்க. நீ சாமி மேடை பக்கத்துல ஒக்காந்து பேய்க்குக் கண்ணு தொறக்குறியா?"

என் கணவர் சமாதானத்துக்கு வந்தார். "அது பிளாஸ்டிக்கும்மா."

"கோயில்லயும் கல்லுதான்," என்றார் அத்தை.

எனக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. கோயிலில் கண் திறக்கும்போது கையெடுத்துக் கும்பிட்டு நின்றவள்தானே நானும். கடைசியில் அத்தையே வழி சொன்னார். மற்ற எல்லாவற்றையும் வீட்டுக்குள் பூசிக்கொள்ளலாம். கண் மட்டும் வெளியே. அப்படித்தான் காரை, எங்கள் பேச்சில் காடியை, நிறுத்துகிற போர்ச்சுக்கு ஒரு மடக்கு மேசை வந்தது.

தண்டனைபோலத்தான் வெளியே போனேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, வீட்டுக்குள் டியூப் லைட் இத்தனை நாளாக என்னை ஏமாற்றியிருக்கிறது. உள்ளே நன்றாகத் தெரிந்த கன்னங்கள் காலை வெளிச்சத்தில் சுண்ணாம்பு அப்பியதுபோல் இருந்தன. எல்லாவற்றையும் மறுபடியும் சரிசெய்தேன். அதற்குப் பிறகு கண் மட்டுமில்லை, முழு வேலையையும் போர்ச்சிலேயே வைத்துக்கொண்டேன். நாள் போகப்போக அத்தையும் வெங்காயம் உரிக்க, கீரை ஆய என்று ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். பேய்களைப் பார்க்க மாட்டார். பார்க்காத மாதிரியே பார்ப்பார்.

என் கணவரோடு விளையாடுகிறவர்களில் ஜித்ராவில் பல் டாக்டராக இருக்கும் ஒரு சீனப் பெண்மணி உண்டு. நான் பூசிய பொம்மைகளைக் கவனித்துவிட்டு, தனக்கொரு பேயரசியைப் பூசித் தரவேண்டும் என்று கேட்டார். உள்ளங்கை அளவு பெரிய உருவம். எலும்புக் குதிரைமேல், முடி பின்னால் பறக்க, கிரீடத்தோடு உட்கார்ந்திருப்பாள்.

"பயமுறுத்துற பேய் எல்லார்கிட்டயும் இருக்கு," என்று மலாயில் சொன்னார் டாக்டர். "எனக்குக் கோபமா இருக்கிற பேய் வேணும்."

குதிரையும் கிரீடமும் கவுனும் சுலபமாக முடிந்தன. முகம்தான் வரவில்லை. புருவத்தைச் சாய்த்துப் பார்த்தேன். வில்லி மாதிரி ஆனாள். கண்ணைப் பெரிதாக்கினேன், திருடனைக் கண்டு பயந்தவள் மாதிரி ஆனாள். பூசுவதும் துடைப்பதுமாகப் பல வாரம் போனது. மேலே மேலே பூசினால் வர்ணம் தடித்து மூக்கு காணாமல் போய்விடும் என்பதால், ஒவ்வொரு முறையும் முழுக்க எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

ஒருநாள் காலை மீன்காரர் வேன் எங்கள் வீட்டு வரிசைக்கு வந்தது. அத்தை முந்தின தடவை வாங்கிய கெம்போங் மீன் கெட்டுப்போயிருந்தது. அதில் ஒன்றை அவரிடம் காட்டுவதற்காகவே ஐஸ் பெட்டியில் எடுத்து வைத்திருந்தார். வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசல் கேட்டுக்குப் போனார். கத்தப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. மீனை மீன்காரர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் பேயரசியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். அத்தையின் புருவம் அசையவே இல்லை. கீழ் இமைதான் மெல்ல மேலேறியது. கண்ணில் வெள்ளை குறைந்தது. உதடு ஒரு ஓரத்தில் மட்டும் இறுகியது.

"யம்மா, சும்மா அப்படிப் பாக்காதீங்கம்மா. வேற தர்றேன் லா," என்றார் மீன்காரர்.

நான் தலை நிமிரவில்லை. கையில் இருந்த தூரிகையாலேயே கீழ் இமையை ஒரு கோட்டில் உயர்த்தினேன். உதட்டோரத்தில் நிழலாக ஒரு புள்ளி வைத்தேன். அத்தை புது மீனோடு உள்ளே போவதற்குள் அரசிக்குக் கோபம் வந்துவிட்டது.

சாயங்காலம் லாரியை விட்டுவிட்டு வந்த என் கணவர் அதைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இது அம்மா மாதிரி இல்ல?"

அதுவரை எனக்கே தோன்றவில்லை. அவர் சொன்ன பிறகு வேறு யாராகவும் தெரியவில்லை.

"அம்மா பாத்தாங்க, அவ்ளோதான். நீயும் நானும் போர்ச்லதான் படுக்கணும்."

அத்தை கண்ணில் படுவதற்குள் டாக்டரிடம் சேர்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். ஞாயிற்றுக்கிழமை பெட்டியில் பஞ்சு வைத்து மூடினேன். கிளம்புகிற நேரத்தில் அத்தை புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். சுங்கை பட்டாணியில் முட்டிவலித் தைலம் வாங்க வேண்டுமாம். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தைலத்தைப் பிறகு வாங்கலாம் என்று சொல்லி அவரைக் காடியிலேயே உட்காரவைத்து, நான் மட்டும் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வருவதாகத் திட்டம். விளையாட்டுக் கடை வாசலில் நிறுத்தியதும் மழை பிடித்துக்கொண்டது. அத்தைக்கு மூடிய காடிக்குள் உட்கார்ந்தால் தலை சுற்றும். மூன்று பேரும் மாடிப்படி ஏறினோம்.

டாக்டர் பெட்டியைத் திறந்தார். அரசியை விளக்குக்குக் கீழே பிடித்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். அவர் மெதுவாகத் தலையைத் தூக்கினார். அத்தையைப் பார்த்தார். மறுபடியும் பொம்மையைப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, இது ஆன்ட்டியின் முகமா என்று மலாயில் அத்தையிடமே கேட்டுவிட்டார்.

என் கணவர் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படிக்கப் போய்விட்டார்.

அத்தை கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பொம்மையை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். குதிரையின் எலும்புகளையும் கிரீடத்தையும் பார்த்துவிட்டு முகத்துக்கு வந்தார். அங்கேயே நின்றுவிட்டார். சுற்றியிருந்தவர்கள் பகடை உருட்டுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

"மூக்குத்தி எங்க?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "என்ன அத்த?"

"என் மூஞ்சின்னா மூக்குத்தி வேணாமா? மொட்ட மூக்கோட ஊருக்கு அனுப்புறியா?"

நான் டாக்டருக்கு மலாயில் எடுத்துச் சொன்னேன். போடுங்கள், கட்டாயம் போடுங்கள் என்றார் அவர். கடைக்காரர் அலமாரியைத் திறந்து தங்க வர்ணமும் மெல்லிய தூரிகையும் கொடுத்தார். இத்தனை பேர் சுற்றி நின்று பார்க்க நான் பூசியது அதுதான் முதல் தடவை. இடது மூக்கில் ஊசிமுனை அளவுக்கு ஒரு பொட்டு. "ஆங்," என்றார் அத்தை. நாற்காலி கேட்டு வாங்கி மேசையோரம் உட்கார்ந்துவிட்டார். தைலம் ஞாபகத்திலேயே இல்லை.

டாக்டர் அன்றைக்கே அரசியைப் படையில் இறக்கினார். எதிர்ப்படை என் கணவருடையது.

"இது யாரு பக்கம்?" என்று கேட்டார் அத்தை.

"அவங்க பக்கம்மா. நான் எதிர்ப்பக்கம்."

"அப்ப ஒன்ன அடிக்குமா?"

"அடிக்கும்."

"அடிக்கட்டும்."

என் கணவரின் குதிரை வீரர்கள் ஒவ்வொருவராக மேசையிலிருந்து எடுக்கப்பட்டபோது அத்தைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. விதிமுறை ஒன்றும் தெரியாது. பகடை உருளும்போதெல்லாம் டாக்டரின் தோளைத் தட்டி "பாகுஸ், பாகுஸ்" என்று மலாயில் பாராட்டினார். என் கணவர் படுதோல்வி அடைந்தார். லூனாஸ் வந்துசேரும்வரை அத்தை, இப்படி ஒரு மகனை எந்தத் தாய்க்கும் கொடுக்காதே என்று கடவுளிடம் முறையிட்டுக்கொண்டு வந்தார், சிரித்துக்கொண்டே.

இப்போது டாக்டர் அரசிக்குத் தோழிப்பெண்கள் கேட்டிருக்கிறார். தோழிகளுக்கு யாருடைய முகமும் வேண்டாம், எப்படி இருக்கவேண்டும் என்று தானே யோசித்துச் சொல்வதாக அத்தை சொல்லியிருக்கிறார். முதலாமவளுக்கு முடியைப் பின்னலாக்கியாகிவிட்டது. இரண்டாமவளுக்கு விரித்த கூந்தல். கறுப்பு வேண்டாம், கருநீலம் பூசு என்பது அத்தையின் யோசனை. பூசிப் பார்த்தேன், எடுப்பாகத்தான் இருக்கிறது. இந்த வாரம் முழுக்க மழை. வர்ணம் காய நேரமாகிறது. எனக்கும் அவசரமில்லை.