ஒலிக்கக் கூடாத எண்

நரசிம்மலு வாயைத் திறந்தால் போன் பேச்சுத்தான். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் பக்கத்து இலைக்காரரிடம், "உங்க ஆபீசுல எத்தனை லைனுங்க?" என்று ஆரம்பித்துவிடுவார். பீளமேட்டுப் பக்கம் ஒரு மில்லில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். மில்லை மூடியதும் கூட இருந்தவர்கள் செக்யூரிட்டி வேலைக்கும் மளிகைக் கடைக்கும் போனார்கள். இவர் மட்டும் போனை விடமாட்டேன் என்று கம்ப்யூட்டரைக் கற்றுக்கொண்டார். "கட்டுன பொண்டாட்டிகிட்டப் பேசுனதைவிட அந்த ஒயருகிட்டப் பேசுனதுதான் எச்சு" என்பாள் மனைவி வெங்கடலட்சுமி. அவர் மறுத்ததில்லை.

கம்பெனிகளுக்கு வரும் அழைப்புகளைப் பதிந்துவைக்கும் சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுப்பதுதான் அவர் தொழில். போன் அடித்ததும் கூப்பிடுவது யார் என்று திரையில் பெயர் வரும். அது எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். அதற்கு மேல், இன்ன எண் கூப்பிட்டால் இன்ன புரோகிராம் ஓட வேண்டும் என்றும் சொல்லிவைக்கலாம். பழைய வாடிக்கைக்காரர் கூப்பிட்டால் அவர் வாங்கிய மோட்டாரின் விவரம் தானாகத் திறந்துகொள்ளும். இப்படி ஒரு வசதி கையில் கிடைத்தால் மனிதர்கள் சும்மா இருப்பார்களா? திருப்பூரில் ஒரு முதலாளி, மனைவி கூப்பிடும்போதெல்லாம் பின்னால் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்க வேண்டும் என்றார். நரசிம்மலு அதையும் செய்து கொடுத்துவிட்டு, வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டார். கேட்டதைக் கேட்டபடி செய்து கொடுப்பார். எதற்கு என்று கேட்கும் பழக்கம் அவரிடம் கிடையாது.

சூலூர் மோட்டார் கம்பெனி முதலாளி அப்புசாமியிடமும் அப்படித்தான் கேட்காமல் இருந்தார்.

அப்புசாமிக்கு ஒரே மகள், பிரவீனா. தாய் இல்லாத பெண். கூடப் படித்த வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு சென்னிமலைக்குப் போய்விட்டாள். பங்காளிகள் திரண்டு வந்தார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, அப்புசாமி வாசலில் உட்கார்ந்து தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். தலைமுழுகியாயிற்று, இனி அப்படி ஒரு மகள் இல்லை. செல்போன் எண்ணை மாற்றினார், வீட்டுப் போன் இணைப்பையே துண்டித்துவிட்டார். கம்பெனி எண்ணை மட்டும் மாற்ற முடியவில்லை. மோட்டார் வாங்கியவர்கள் அத்தனை பேருக்கும் அது மனப்பாடம். பிரவீனாவுக்கும்தான். அவள் அதற்குக் கூப்பிடுவாள். கணக்குப் பார்க்கும் அரங்கசாமி எடுப்பார். அப்புசாமிக்குப் பங்காளி முறையும் ஆக வேண்டும். ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வைப்பார்.

அதற்கு ஒரு வழி பண்ணத்தான் நரசிம்மலுவை வரச் சொன்னார்கள்.

"இந்த நம்பர் வந்தா இங்க எந்தப் போனும் அடிக்கக் கூடாதுங்க" என்றார் அப்புசாமி. மகளின் எண்ணை, எதையும் பார்க்காமல், மளமளவென்று சொன்னார். அரங்கசாமி திருப்தியாகத் தலையாட்டினார்.

நரசிம்மலு செய்து முடித்து ஸ்கூட்டரை எடுக்கும்போது அப்புசாமி பின்னாலேயே வந்து நின்றார்.

"ஏனுங்க நாயுடு, நான் பேசறதுக்கில்லைங்க. நாலு பேருக்கு முன்னால தண்ணி ஊத்திப்போட்டேன். ஆனா அவ கூப்புட்டான்னு எனக்கு மட்டும் தெரியோணும். வேற ஆருக்கும் தெரியப்படாது. அதுக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

இருந்தது. அந்த எண் வந்தால் அப்புசாமியின் கம்ப்யூட்டரில் மட்டும் சென்னிமலை முருகன் படம் வரும். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருக்கும் வரைக்கும் படம் நிற்கும், அவள் வைத்ததும் மறையும். யார் பார்த்தாலும் சாமி படம் என்றுதான் நினைப்பார்கள். நரசிம்மலுவுக்குத் தன் வேலையில் அன்று கொஞ்சம் பெருமை கூட வந்தது. ஒரு மனிதனின் மானமும் போகாமல், பாசமும் போகாமல் ஏற்பாடு செய்துவிட்டோம் என்று நினைத்தார்.

நல்ல ஏற்பாடுதான். மகள் அங்கே காதில் போனை வைத்துக்கொண்டு நிற்க, அப்பன் இங்கே முருகனைப் பார்த்துக் கைகூப்புகிற ஏற்பாடு. சூலூருக்கும் சென்னிமலைக்கும் நடுவில் கடலா இருக்கிறது?

மாதங்கள் போயின. ஒரு நாள் மத்தியானம் அப்புசாமியே கூப்பிட்டார். "அந்தப் புரோகிராம் கெட்டுப்போச்சாட்ட இருக்குதுங்க. படமே வரமாட்டீங்குது. சித்த வந்து பாருங்க."

நரசிம்மலு போய்ப் பார்த்தார். புரோகிராம் நன்றாகத்தான் இருந்தது. அந்த எண்ணிலிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை, அவ்வளவுதான். அதைச் சொன்னதும் அப்புசாமி, சாப்பிடப் போன அரங்கசாமியின் நாற்காலியை ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"என்ற மேலதான் தப்புங்க. கடைசியா படம் வந்தப்ப மனசு கேக்கலை. ஆபீசுல ஆருமில்லை. போனை எடுத்துப்போட்டேன். சொல்லு கண்ணுன்னேன். என்ற குரலைக் கேட்டதும் வெச்சுப்போட்டாளுங்க. ஙொய்யின்னு சத்தம் மட்டும் வந்துச்சு. அம்புட்டுக் கோவம் அவளுக்கு. அப்பறம் கூப்புடவே இல்லைங்க."

நரசிம்மலுவுக்கு விஷயம் புரிந்தது. எந்தப் போனும் அடிக்கக் கூடாது என்றால் அந்த அழைப்பு வெளியே லைன் வந்து சேரும் பெட்டியோடு நின்றுவிடும். மேசையில் இருக்கும் எந்தப் போனுக்கும் அது வராது. எடுத்தால் வெறும் டயல் டோன்தான் கேட்கும். அப்புசாமி எடுப்பார் என்று நரசிம்மலு நினைக்கவே இல்லை. பேச மாட்டேன் என்று சொன்ன மனிதரை அப்படியே நம்பிவிட்டார். இவ்வளவு வருஷம் போனோடு குப்பை கொட்டியும் இந்த ஒரு இடத்தில் புத்தி வேலை செய்யவில்லையே என்று அவருக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"கவுண்டரே, அந்தப் பொண்ணு வெக்கலைங்க" என்றார். "நீங்க பேசுனது அதுக்குப் போகவே இல்லை. அந்த நம்பர் வந்தா எந்தப் போனுலயும் எடுக்க முடியாதுங்க. நான்தான் அப்படிப் போட்டு வெச்சேன். நீங்க எடுத்தப்பவும் அங்க மணி அடிச்சுட்டேதான் இருந்திருக்கும்."

அப்புசாமி அரங்கசாமியின் மேசையிலிருந்த போனைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப, நான் எடுத்ததே அவளுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியாதுங்க."

"நான் எடுக்கவே மாட்டேன்னு நெனச்சுட்டுத்தான் உட்டுட்டாளா?"

"ஒரு எட்டு நேர்ல போயிட்டு வந்துருங்களேன்" என்றார் நரசிம்மலு. "இல்லாட்டி நீங்களே ஒரு போன் போடுங்க."

"நானாப் போனா, ஊத்துன தண்ணிக்கு என்னங்க அர்த்தம்? அவளாக் கூப்புட்டு நான் எடுத்தா, அது வேறைங்க. அதை எடுத்துப்போடுங்க நாயுடு. படமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அடிக்கட்டும்."

இந்தக் கணக்கு எந்தக் கம்ப்யூட்டருக்கும் புரியாது. நரசிம்மலுவுக்குப் புரிந்தது, அதனால் வாதாடவில்லை. அந்த எண்ணுக்குப் போட்டிருந்த கட்டளையை அழித்தார். அப்புறம் அவராகவே ஒரு காரியம் செய்தார். அதுவரை எந்த வாடிக்கைக்காரருக்கும் செய்யாத காரியம். ஒயரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய், தன் செல்போனில் அந்த எண்ணுக்கு அடித்தார். அம்மணி, போன் சரியாகிவிட்டது, இனி கூப்பிட்டால் உங்கப்பா எடுப்பார் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை என்றது பதிவுக் குரல். மறுபடியும் போட்டார். அதே குரல்.

அவளுக்கு வேறு எண் இருக்கலாம். அதிலிருந்து கூப்பிட்டிருந்தால் தடையில்லாமல் இங்கே அடித்திருக்கும். அடிக்கவில்லை. நரசிம்மலு செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சற்று நேரம் மதிலோரம் நின்றார். அழுகை வருகிற வயதில்லை என்று அவரே சொல்லிக்கொண்டாலும் கண் கரித்தது.

உள்ளே வந்தபோது அப்புசாமி அரங்கசாமியின் மேசையிலிருந்த போனைத் தன் மேசைக்கு நகர்த்திவைத்திருந்தார்.

"இனி வருமுங்களா?"

"வந்தா அடிக்குமுங்க" என்றார் நரசிம்மலு. அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே சொன்னார்.

வாசலுக்கு வந்து ஸ்கூட்டரில் சாவியைப் போடும்போது உள்ளே போன் அடித்தது. மணி முழுசாக ஒரு தடவை அடிப்பதற்குள் எடுத்துவிட்டார் அப்புசாமி. நரசிம்மலு சாவியைத் திருப்பாமல் நின்றார்.

"ஆமாங்க" என்றது அப்புசாமியின் குரல். "மோட்டார் கம்பெனிதானுங்க."