மாகிரட்டின் நாக்கு

படகின் தரைப் பலகையைத் தூக்கி, அடியில் தேங்கிக் கிடக்கிற கறுப்புத் தண்ணீரில் சுட்டுவிரலை நனைத்து, மாகிரட் அதை நாக்கில் வைப்பாள். பார்க்கிறவர்களுக்குக் குமட்டும். அவளுக்கு அது குழம்புக்கு உப்புப் பார்ப்பதைப் போலத்தான். "நல்ல தண்ணி. ராத்திரி மழை" என்று எழும்புவாள். படகோட்டி அஸீம் கேட்பான், "அக்கா, தொட்டுக்கொள்ளச் சீனி தரட்டோ?"

படகின் வயிற்றில் எந்த நாளும் கொஞ்சம் தண்ணீர் கிடக்கும். நல்ல தண்ணீர் என்றால் மழை, இல்லாவிட்டால் குடிதண்ணீர்த் தாங்கியின் கசிவு, துடைத்துவிட்டால் போயிற்று. உப்புக் கரித்தால் கடல் உள்ளே வருகிறது. இந்தச் சூட்சுமத்தை அவளுக்குச் சொன்னவர் புருஷன் இக்னேசியஸின் தாய்மாமன். மூன்று தாரம் கட்டி மூவரையும் ஒரே மாதா கோயிலில் ஒரே வாங்குப் பலகையில் இருத்தின மனிசன். அவர் சொன்ன மற்றக் கதைகளை மாகிரட் நம்பியதில்லை. இதை நம்பினாள்.

கிண்ணியா கலீலுர் றஹ்மான் முதலாளியின் உல்லாசப் படகு உள்துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்களை அதில் ஏற்றுவார்கள். அதைத் துடைத்து, கழுவி, மினுக்கி வைத்திருப்பது மாகிரட். மேல்தளத்து மரத்துக்கு அவள் சவர்க்காரம் காட்டமாட்டாள். கடல் தண்ணீரை அள்ளி ஊற்றி, மெத்தென்ற பிரஷால் பலகைக்குக் குறுக்கே தேய்ப்பாள். கம்பிகளை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைப்பாள், உப்பு இருந்து தின்றுவிடும் என்று. உள் அறையின் மூலைகளில் பூஞ்சணம் பிடிக்காமல் வினாகிரி பூசுவாள். மெத்தைகள் வெயிலில் கிடக்கும். சப்பாத்துடன் ஏறிய வெள்ளைக்காரன் ஒருவனிடம், "கழட்டுங்கோ தம்பி, இதென்ன சந்தையோ?" என்று சுத்தத் தமிழில் சொன்னாள். அவனும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

போன பங்குனியில் அவளுக்கு மூக்கை அடைத்துத் தடிமனும் காய்ச்சலும் வந்தன. எழும்பின பிறகு முதல் நாள் வைத்த கறியை வாயில் வைத்துவிட்டு இக்னேசியஸ், "என்னப்பா, கடலை வத்தவைச்சுக் கறி ஆக்கினனியோ?" என்றான். "பிடிக்காட்டி நீ ஆக்கு" என்று பாய்ந்தாள். அதன் பிறகு அவன் வாய் திறக்கவில்லை.

அந்தக் கிழமைதான் முதலாளி தன் தாய் ஆமினா உம்மாவையும் பேரப்பிள்ளைகளையும் கடலுக்குக் கூட்டிப் போக நினைத்தார். மகனின் படகில் கிழவி ஏறுவது அதுதான் முதல் தடவை. காலையில் மாகிரட் பலகையைத் தூக்கினாள். தண்ணீர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட. விரலை நனைத்து நக்கினாள்.

"எப்பிடி அக்கா?" என்றார் முதலாளி.

"நல்ல தண்ணி முதலாளி. பயமில்லை, போகலாம்."

இறைத்துத் துடைத்துவிட்டு, தேத்தண்ணீர் கொடுக்க அவளும் கூடப் போனாள். துறைமுகத்து வாயைத் தாண்டி அலை தொடங்கிய இடத்தில், உள் அறைக்கு இறங்கியவளின் காலடியில் பலகை மிதந்தது. கையை விட்டால் முழங்கை வரைக்கும் தண்ணீர். நனைத்து நக்கினாள். நல்ல தண்ணீர்.

"அஸீம்! தாங்கி வெடிச்சிட்டுதடா!"

முதலாளியிடம் சுக்கானைக் கொடுத்துவிட்டு அவன் குதித்து இறங்கினான். ஒரு கை அள்ளி வாயில் வைத்து உடனே துப்பினான். "அல்லாஹ்! இது கடல் அக்கா!"

"விசரே உனக்கு? இப்பதானே நான் பார்த்தனான்."

"கடல் அக்கா, கடல்!"

மாகிரட் மேலே ஓடினாள். விளிம்பில் குப்புறப் படுத்து, ஓடுகிற கடலில் கையை விட்டு அள்ளிக் குடித்தாள்.

கடல் சப்பென்று இருந்தது.

இன்னொரு கை குடித்தாள். கிணற்றுத் தண்ணீர் போலத்தான் இருந்தது. கண்ணுக்கு எட்டினமட்டும் உப்பு. அவள் வாயில் மட்டும் அது இல்லை. முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. நீந்தத் தெரியாத சீவன்கள், தன் சொல்லை நம்பி ஏறினதுகள்.

எஞ்சினிலிருந்து தண்டு கடலுக்குள் இறங்குகிற துவாரத்தில் அடைப்பு விட்டிருந்தது. அஸீம் துணியைத் திணித்து அமத்திப் பிடித்தான். முதலாளி படகைத் திருப்பினார். தளம் கழுவுகிற அதே வாளியால் மாகிரட் இறைத்தாள்.

"ஏன் மகன் திரும்புறீங்க? மீன் காட்டுறன் எண்டுதானே கூட்டி வந்தீங்க?" என்றது கிழவி.

"காத்து சரியில்ல உம்மா. அந்தச் சட்டையைக் கழட்டாதீங்க" என்றார் முதலாளி. ஒரு கை சுக்கானில் இருக்க, மறுகையால் கிழவியின் மிதவைச் சட்டை வாரை இறுக்கினார்.

கரை சேர்ந்த பிறகு அவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். "நீங்க சொன்னீங்க எண்டுதான் அக்கா நான் குனிஞ்சும் பார்க்கல்ல" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தவள் நேரே குசினிக்குள் போய், உப்புப் போத்தலைத் திறந்து ஒரு பிடியை வாயில் போட்டாள். மணலை மென்றது போலிருந்தது. வாசலில் நின்ற புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இவ்வளவு நாளும் கறி எப்பிடி இருந்தது?"

இக்னேசியஸ் நிலத்தைப் பார்த்தான். "வாயில வைக்க ஏலாது. சொன்னால் பாய்வாய் எண்டு தண்ணியைக் குடிச்சு விழுங்கினனான்."

அவள் அழவில்லை. வாயில் உப்போடு சுவரில் சாய்ந்து அப்படியே நின்றாள்.

சித்திரை வருஷப் பிறப்புக் கழிந்து ஒருநாள், மீன் சொதியில் பிழிந்த தேசிக்காய்ப் புளி அவள் நாக்கில் மெல்லத் தெரிந்தது. அன்றைக்குத்தான் அழுதாள். அதுவரை வேலைக்கு வேறு ஆள் வைக்காமலிருந்த முதலாளி, திரும்பி வந்தவளிடம் பிரஷை எடுத்துக் கொடுத்தார்.

இப்போதும் படகு புறப்படும் முன்னர் அவள்தான் பார்க்கிறாள். ஆட்கள் பையும் தொப்பியுமாகக் கரையில் காத்து நிற்பார்கள். மாகிரட் முதலில் விளிம்பில் குந்தி, கடலில் விரலை நனைத்து நாக்கில் வைப்பாள். கண்ணை மூடிக்கொள்வாள். முகம் சுருங்குகிறவரைக்கும் அசையமாட்டாள். பிறகு போத்தல் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, பலகையைத் தூக்கக் குனிவாள்.